முன்வாசலில் தடமில்லை

புகைப்படத்தில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் யாரும் இல்லை என்று நிரூபிப்பதற்காகவே அந்தப் படம் எடுக்கப்பட்டிருந்தது.

மார்வா டில்லார்ட் அதைக் காரின் கண்ணாடியோரம் உயர்த்தி, பிப்ரவரி மாதத்துச் சாம்பல் வெளிச்சத்தில் பார்த்தாள். இருண்ட சன்னல்கள். முன்கதவு வரை கலையாத பனி. கார் நிறுத்தும் பாதையில் சக்கரத்தடம் இல்லை. படத்தின் இடது ஓரத்தில், விளக்கெரியும் சன்னலோடு பக்கத்து வீட்டின் ஒரு துண்டும், அங்கே நின்ற பச்சைக் கார் ஒன்றின் பின்பக்கமும் அகப்பட்டிருந்தன. கீழே கடன் நிறுவனத்தின் பரிசோதகர் ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தார்: காலி.

“நல்லா எடுத்திருக்கான்,” என்றான் காரை ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டாஸ் கோரெக்கி. “நம்ம ஊரை இவ்வளவு அழகா யாரும் அழ வச்சதில்லை. காலண்டரே போடலாம்.”

“ரோட்டைப் பாரு.”

“ரோட்டுல பாக்குறதுக்கு என்ன பாஸ் இருக்கு?”

ஒன்றும் இல்லைதான். ஃப்ளீட் அவென்யூவைத் தாண்டியதும் பாதி வீடுகள் ஆளில்லாமல், சன்னல்களில் பலகை அடித்து மூடப்பட்டிருந்தன. பலகை அடிக்கப்பட்டவற்றில் பாதியில் செப்புக் குழாய்கள் களவு போயிருந்தன. களவு போனவற்றுள் சில எரிந்தும் போயிருந்தன. எரிந்ததைப் பற்றி மார்வாவுக்குத் தெரியும். தீ விபத்து என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் மனுக்களில் எது விபத்து, எது வைத்த தீ என்று பிரித்துச் சொல்வதுதான் பல வருடம் அவளுடைய உத்தியோகம். நிறுவனம் ஆட்குறைப்பு செய்தபோது அவள் தனியாகத் துப்பறியத் தொடங்கினாள். உருக்காலை ஆட்குறைப்பு செய்தபோது ஸ்டாஸ் அவளிடம் வந்து சேர்ந்தான். அவனுக்குத் துப்பறியத் தெரியாது. ஆனால் இந்தப் பேட்டையில் பிறந்தவன், காரும் அவனுடையது.

வழக்கு எளிமையானது. வாஷிங்டன் அரசாங்கம் சென்ற வருடம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவிப்பவர்களின் தவணையைக் குறைத்து, கடனைத் திருத்தி எழுதிக் கொடுக்கும்படி அது கடன் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. நிபந்தனைகளுள் முதலாவது, கடன் வாங்கியவர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பது. வீடுகளை வாங்கி விற்றுச் சூதாடியவர்களை ஒதுக்குவதற்காக வைத்த நியாயமான நிபந்தனை. அதைச் சரிபார்க்கும் பொறுப்பைத்தான் நிறுவனங்கள், காரை நிறுத்தாமலே சன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டு போகும் ஆட்களிடம் ஒப்படைத்திருந்தன.

எமில் ரூஸ்கா என்ற முதியவரின் வீட்டை அப்படி மூன்று முறை படம் எடுத்திருந்தார்கள். மூன்று முறையும் ‘காலி’. மனு தள்ளுபடி, வீடு ஷெரீஃப் நடத்தும் ஜப்தி ஏலத்துக்கு வந்துவிட்டது. மார்வாவை இந்த வேலைக்கு அமர்த்திய, இலவசச் சட்ட உதவி மையத்து வக்கீல் நோரீன், மின்சார ரசீதைக் கொண்டுபோய்க் காட்டினாள். காலி வீட்டிலும் மின்சாரம் ஓடும் என்றது நிறுவனம். பக்கத்து வீட்டார் ஒருவராவது, ‘இவர் இங்கேதான் குடியிருக்கிறார், தினமும் பார்க்கிறேன்’ என்று சத்தியம் செய்தால் ஏலத்தை நிறுத்துவதாக நீதிபதி சொல்லியிருந்தார். விசாரணை திங்கட்கிழமை. இன்று சனிக்கிழமை.

“ஒரே ஒரு பக்கத்து வீடு,” என்றாள் மார்வா. “அந்த ஆளைப் பிடிச்சா வேலை முடிஞ்சது.”

“பிடிச்சுடலாம் பாஸ். இந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரங்களுக்குச் சாட்சி சொல்றதுன்னா அல்வா. கேக்காததையும் சேர்த்துச் சொல்லுவாங்க.”

தெருவில் எமிலின் வீடு புகைப்படத்தில் இருந்தபடியே இருந்தது. அதற்கு இடப்பக்கத்து வீட்டைத் தவிர மற்றவை எல்லாம் பலகை. இடப்பக்கத்து வீட்டின் சன்னலில் மட்டும் பிற்பகலிலேயே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன் நடைபாதையில் பனி ஒதுக்கப்பட்டிருந்தது. பச்சைக் கார் நின்றது. அந்தத் தெருவில் அது ஒரு திருவிழாவைப் போல இருந்தது.

மார்வா எமிலின் முன்வாசலை நோக்கி நடந்து, இரண்டாம் அடியிலேயே முழங்கால் வரை பனியில் புதைந்தாள். திரும்பிப் பார்த்தால் ஸ்டாஸைக் காணோம். வீட்டின் பக்கவாட்டிலிருந்து அவன் குரல் கேட்டது.

“எங்க போறீங்க பாஸ்? செத்தது யாரு?”

“என்ன உளர்றே?”

“இந்தப் பேட்டையில முன்வாசல் வழியா வர்றது மூணே பேர். பாதிரியார், போலீஸ், சவப்பெட்டி. மனுஷங்க எல்லாம் பக்கக் கதவுதான். எங்கம்மா கல்யாணமாகி வந்ததுலேருந்து அவங்க வீட்டு முன்கதவைத் திறந்ததே இல்லை. அதுக்குச் சாவி இருக்கான்னே சந்தேகம்.”

மார்வா பனியிலிருந்து காலை உருவிக்கொண்டாள். “இதை அந்தப் படம் எடுத்தவன்கிட்ட யாராவது சொன்னாங்களா?”

“அவன் அரிசோனாக்காரனாம், நோரீன் சொன்னாங்க. அங்க பனின்னா கிளாஸுக்குள்ள போடுறதுன்னு நினைச்சிருப்பான்.”

பாதி துப்புத் துலங்கிவிட்டது. ஆனால் பாதிதான். முன்வாசலை யாரும் புழங்குவதில்லை, சரி. கார் நிறுத்தும் பாதையிலும் ஏன் தடமில்லை? முன்னறையில் ஏன் ஒரு விளக்குகூட இல்லை?

பக்கக் கதவைத் திறந்தவர் நெடிய, ஒடுங்கிய மனிதர். இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தார். திருகாணி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. கூரையை மாற்றுவதற்காக வாங்கிய கடன், வட்டி ஏறி ஏறி, இப்போது கூரையோடு வீட்டையும் கேட்டுக்கொண்டிருந்தது.

“கோரெக்கியா?” என்றார், ஸ்டாஸ் தன் பெயரைச் சொன்னதும். “எந்தக் கோரெக்கி? தொத்திறைச்சிக் கடைக் கோரெக்கியா, குடிகாரக் கோரெக்கியா?”

“ரெண்டும் ஒரே ஆள்தான் ஐயா. எங்க தாத்தா.”

“நல்ல மனுஷன். எடை குறைச்சுப் போடுவான், ஆனா நல்ல மனுஷன். உக்காரு தம்பி. உக்காருங்கம்மா.”

வீடு முழுவதும் அந்தச் சமையலறைக்குள் குடிபெயர்ந்து வந்திருந்தது. கட்டில் அடுப்போரத்தில் கிடந்தது. முன்னறைக்குப் போகும் வழியில் ஒரு போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். அப்பால் சூடு கிடையாது, வெளிச்சம் கிடையாது. மேசையில் ஒரே ஒரு கோப்பை, ஒரே ஒரு தட்டு. விருந்தினருக்கென்று அலமாரியின் உட்புறத்திலிருந்து மேலும் இரண்டு கோப்பைகளை எடுத்து, தூசியைச் சட்டையில் துடைத்துவிட்டு, வலது காலை இழுத்து நடந்து வந்து காப்பி ஊற்றினார். கசகசா வைத்த கொலாச்சி பன் ஒன்றை மூன்றாக வெட்டினார். வெட்டியதில் ஆகச் சிறியதைத் தான் எடுத்துக்கொண்டார்.

“பக்கத்து வீட்ல இருக்கிறது யாரு?” என்று கேட்டாள் மார்வா.

“லிடியா.”

“அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். திங்கக்கிழமை உங்க வீடு தப்பிச்சிடும்.”

எமில் கொலாச்சியைத் தட்டில் வைத்தார். “அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க. ராத்திரி வேலை பாக்குறவ. பகல்ல தூங்குவா.”

“சாயங்காலம் வர்றோம்.”

“சாயங்காலம் கிளம்பிடுவா.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை...”

“பூசைக்குப் போவா.” அவர் மார்வாவின் முகத்தைப் பார்க்கவில்லை. “வேற ஏதாவது வழி பாருங்கம்மா.”

இந்தத் தெருவில் வேறு வழி என்று எதுவும் நின்றுகொண்டிருக்கவில்லை. மார்வா கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைக்கப் போனாள். தொட்டிக்குள் ஒரு பொருள் கிடந்தது: கார்க் கண்ணாடியிலிருந்து உறைபனியைச் சுரண்டும் பிளாஸ்டிக் கரண்டி. அதன் விளிம்பிலிருந்து நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“கார் வச்சிருக்கீங்களா, மிஸ்டர் ரூஸ்கா?”

“வித்துட்டேன்.”

“ஓ,” என்றாள் மார்வா. கோப்பையைக் கரண்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள்.

வெளியே வந்ததும் ஸ்டாஸ் குரலைத் தாழ்த்தினான். “பெரியவர் எதையோ மறைக்கிறாரு. வீட்டைக் காப்பாத்துங்கன்னு கூப்பிட்டுட்டு, காப்பாத்துற கதவை மட்டும் தட்டாதேங்கிறாரு.”

“அதனால அதைத்தான் தட்டப் போறோம்.”

லிடியாவின் கதவை மார்வா தட்டினாள், மணியை அழுத்தினாள். மணி ஒலிக்கவில்லை. சன்னல் திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தபடி இருந்தது. எந்த நிழலும் அசையவில்லை. விளக்கெரியும் வீட்டுக்குள்ளிருந்து வரவேண்டிய சிறு ஓசைகள், குழாயில் நீர் ஓடுவது, மரத்தரை முனகுவது, ஏதும் வரவில்லை. மார்வாவுக்கு அந்த அமைதி பரிச்சயமானது. தனியாக வசிக்கும் அவளும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வானொலியை அணைப்பதில்லை. கேட்டால், திருடனுக்காக என்பாள்.

ஸ்டாஸ் பச்சைக் காரைச் சுற்றி வந்தான். பழைய ப்யூக். பின்விளக்கு ஒன்று உடைந்து, சிவப்பு நாடா ஒட்டப்பட்டிருந்தது. “என்ஜின் மூடியில சூடு இருக்கு பாஸ். கண்ணாடியைச் சுரண்டியிருக்காங்க. இன்னைக்கு ஓடின வண்டி.”

“ஓட்டினவங்க எங்க போனாங்க?”

“வீட்டுக்குள்ளதான்...” என்று சொல்லி, தரையைப் பார்த்தவன் நிறுத்திக்கொண்டான்.

ஓட்டுநர் கதவிலிருந்து கிளம்பிய காலடித் தடங்கள் லிடியாவின் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. அவை காரின் பின்னால் சென்று, கொல்லைப்புறம் வளைந்து, வேலியில் இரண்டு பலகை கழன்ற இடைவெளியில் நுழைந்தன. இருவரும் அவற்றைத் தொடர்ந்தார்கள். புதிய தடங்களுக்கு அடியில் பழைய தடங்கள், அவற்றுக்கும் அடியில் இன்னும் பழையவை. ஒருவர் மட்டுமே நடந்து நடந்து இறுகிய ஒற்றையடிப் பாதை. அது எமிலின் பக்கக் கதவில் போய் முடிந்தது.

ஸ்டாஸ் வாயைப் பிளந்தான். “பாஸ்! அந்தம்மா காரை விட்டு இறங்கினதும் நேரா இவர் சமையலறைக்கு வருது! அதான் பேச மாட்டேங்கிறாரு. காதல்! இந்த வயசுல! இந்தக் குளிர்ல!”

“காதலிக்கு இவ்வளவு பெரிய கால் இருக்குமா?”

“எங்க பேட்டைப் பொண்ணுங்களை நீங்க பாத்ததில்லை.”

“வலது காலை இழுத்து நடக்குது, பாரு. காப்பி ஊத்தும்போது பெரியவர் எந்தக் காலை இழுத்தாரு?”

ஸ்டாஸ் குனிந்து தடத்தைப் பார்த்தான். கேலி அவனிடம் தீர்ந்துபோவது அபூர்வம்; தீர்ந்தால் முகம் சிறுபிள்ளையின் முகமாகிவிடும்.

அவர்கள் திரும்பி வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. எமில் மீண்டும் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். மின்கெண்டி முனகியது. சமையலறையில் அடுப்பையும் மீறி மூச்சு புகையாக வந்தது.

“கை விறைச்சுப் போச்சு,” என்ற ஸ்டாஸ், மூலையில் கிடந்த சிறிய மின்கணப்பைக் கண்டான். “இதைப் போட்டுக்கட்டுமா ஐயா?”

“வேண்டாம், வேண்டாம் தம்பி, அதை மட்டும்...”

அதற்குள் அவன் செருகியை மாட்டிவிட்டான்.

கீழறையில் ‘டப்’ என்று ஒரு சத்தம். சமையலறை இருண்டது. கெண்டி முனகலை நிறுத்தியது.

மார்வா சன்னலோரம் நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் வேலிக்கு அப்பால் லிடியாவின் வீடு தெரியும். அந்த வீட்டின் மஞ்சள் விளக்கும் அதே கணத்தில் அணைந்துவிட்டிருந்தது.

இருளில் ஸ்டாஸின் குரல் மெதுவாக வந்தது. “பக்கத்து வீட்டம்மாவுக்கும் ஃபியூஸ் போயிடுச்சா?”

“பக்கத்து வீட்ல மின்சாரமே இல்லை,” என்றாள் மார்வா. “மணி அடிக்கல, கவனிச்சேன். அந்த விளக்குக்குக் கம்பி இங்கேருந்து போகுது. பனிக்கு அடியில புதைச்சு. சரிதானே, மிஸ்டர் ரூஸ்கா?”

எமில் ஒரு மெழுகுவத்தியைத் தேடி ஏற்றினார். அதன் வெளிச்சத்தில் அவர் இன்னும் மெலிந்து தெரிந்தார்.

“கார் உங்களோடது. ஓட்டிட்டு வந்து அவங்க பாதையில நிறுத்துறீங்க. பனியை அவங்க வாசல்ல ஒதுக்குறீங்க. விளக்கை அவங்க சன்னல்ல வைக்கிறீங்க. அந்த அரிசோனாக்காரன் ரெண்டு வீட்டையும் பாத்தான். ஆள் இருக்கிற வீட்டைக் காலின்னும், காலி வீட்டை ஆள் இருக்கிற வீடுன்னும் நினைச்சுட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. அப்படி நினைக்கணும்னுதானே நீங்க பாடுபட்டிருக்கீங்க?”

“எல்லாரும் செய்றதுதாம்மா,” என்றார் எமில். “ஒருத்தர் வீட்டைவிட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் பக்கத்துல இருக்கிறவங்க பாத்துக்கிறது. காலின்னு தெரிஞ்சா ஒரே ராத்திரியில குழாயைப் பிடுங்கிட்டுப் போயிடுவானுங்க. தெருவில முன்னாடி நாங்க பல பேரு மாத்தி மாத்திச் செஞ்சோம். இப்ப நான்தான் பாக்கி.”

“உங்க வாசல்ல ஏன் பனியை ஒதுக்கலை?” என்று கேட்டான் ஸ்டாஸ்.

“முதுகு ஒரு வீட்டுக்குத்தான் ஒத்துழைக்குது தம்பி. என் வாசலுக்கு யாரு வரப் போறா?”

மார்வா பையிலிருந்து புகைப்படங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். மூன்றிலும் இருண்ட வீடு. மூன்றிலும் இடது ஓரத்தில், சிவப்பு நாடா ஒட்டிய பின்விளக்கோடு பச்சைக் கார். “இதைப் பாருங்க. மூணு தடவையும் பனி கொட்டியிருக்கு. கூரை, மரம், வேலி, எல்லாம் வெள்ளை. காரோட பின்கண்ணாடி மட்டும் மூணு தடவையும் சுத்தம். யாரோ தினமும் சுரண்டி, தினமும் ஓட்டிட்டு வந்திருக்காங்க. நீங்க இல்லைன்னு சொல்ல எடுத்த படத்துல நீங்கதான் இருக்கீங்க. திங்கக்கிழமை நோரீன் இதைக் காட்டுவா. கார் என்னோடதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“சொல்ல மாட்டேன்.”

“மிஸ்டர் ரூஸ்கா...”

“லிடியாவும் அதே திட்டத்துக்கு மனு போட்டிருக்கா. வீட்ல இருந்தாத்தான் கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியும். இப்ப மக வீட்ல, கொலம்பஸ்ல இருக்கா. முழங்கால் ஆபரேஷன். குணமானதும் வந்துடுவா. அதுவரைக்கும் விளக்கு எரியும்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.” குரலை அவர் உயர்த்தவில்லை. “கோர்ட்ல நின்னு, கார் என்னுது, விளக்கு என்னுது, அங்க யாருமில்லைன்னு சொன்னா, என் வீட்டுக்காக அவ வீட்டைக் காட்டிக் கொடுத்ததா ஆயிடும். அதுக்குப் பதிலா நான் ஷெரீஃபுக்கே கதவைத் திறந்து விட்டுடுவேன். முன்கதவையே திறந்து விடுறேன்.”

ஸ்டாஸ் சிரிக்கவில்லை.

துப்பறிபவளுக்கு இது மிக மோசமான நிலை. உண்மை கையில் இருந்தது; உண்மைக்கு உரியவரோ அதைத் தொடக்கூட மறுத்தார். சுவரில் மாட்டிய தொலைபேசிக்கு அருகே ஒரு எண் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. வேறு எந்த எண்ணும் அங்கே இல்லை.

“அவங்ககிட்ட நான் பேசலாமா?”

“பேசுங்க. பயமுறுத்தாதீங்க.”

எமில் மெழுகுவத்தியோடு ஃபியூஸ் மாற்றக் கீழறைக்கு இறங்கினார். மார்வா பக்கக் கதவுக்கு வெளியே வந்து, தன் கைப்பேசியில் அந்த எண்ணை அழுத்தினாள். எடுத்த பெண்குரல் முதலில் கேட்டது இதுதான்: “எமிலுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. நல்லா இருக்கார்.” மார்வா தான் யார் என்பதையும், திங்கட்கிழமை என்ன நடக்கவிருக்கிறது என்பதையும் சொன்னாள். எமில் ஏன் வாய் திறக்க மறுக்கிறார் என்பதைக் கடைசியாகச் சொன்னாள்.

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது.

“அவர் பக்கத்துல நிக்கிறாரா?”

“இல்லை.”

“நான் வரப் போறதில்லைங்க. மனுவை வாபஸ் வாங்கிட்டேன். வீட்டுச் சாவியை பேங்குக்குத் தபால்ல அனுப்பிட்டேன், இலை உதிர்றதுக்கு முன்னாடியே. அவங்க வந்து எட்டிக்கூடப் பாக்கலை போலிருக்கு. மக வீட்ல கீழேயே ஒரு ரூம் கொடுத்திருக்கா. அந்த வீட்டுப் படியை இனிமே என் காலு ஏறாது.”

அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க மார்வாவுக்குத் தோன்றியிருக்கவில்லை. விளக்கு எரிகிற வீட்டை அவளும்தான் நம்பிவிட்டாள்.

“எமில்கிட்ட ஏன் சொல்லலை?”

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் பண்ணுவாரு. ‘லிடியா, உன் விளக்கு எரியுது’ம்பாரு. நான், ‘அப்படியா, நன்றி எமில்’ம்பேன். வேற பேச்சே இல்லை. அவ்வளவுதான் அவருக்குப் பேச வரும்.” குரல் உடையவில்லை; மெலிந்தது. “அங்க விளக்கு வேண்டாம்னு சொல்லிட்டா, அப்புறம் எதைச் சொல்றதுக்கு அவர் போன் பண்ணுவாரு?”

பனி மீண்டும் தூறத் தொடங்கியிருந்தது. வேலிக்கு அப்பால் லிடியாவின் சன்னல் சட்டென்று மஞ்சளாயிற்று. எமில் கீழே புது ஃபியூஸைத் திருகி முடித்துவிட்டார்.

“இதை நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன்,” என்றாள் மார்வா. “நீங்கதான் சொல்லணும். இப்பவே.”

அவள் உள்ளே போய்க் கைப்பேசியை எமிலிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார்.

“லிடியா? சனிக்கிழமையாச்சே இன்னைக்கு... எரியுது, எரியுது. கொஞ்ச நேரம் அணைஞ்சுது, இந்தக் கோரெக்கிப் பயலால. இப்ப எரியுது.” பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டாஸ் மின்கணப்பை எடுத்து, சத்தமில்லாமல் அதன் மூலையிலேயே திரும்ப வைத்தான்.

“எப்ப?” என்றார் எமில்.

மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரி... இல்லை, கோபமில்லை. முழங்கால் எப்படி இருக்கு?... சரி. சரி, லிடியா.”

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். “கார் என்னுதுன்னு சொல்லிடுறேன்மா,” என்றார். “சொல்லிடலாம்.”

*

திங்கட்கிழமை காலை, நீதிமன்றக் கூடத்துக்கு வெளியே நீண்ட பலகையில் எமில், சாவுவீட்டுக்குப் போகும்போது அணியும் கறுப்புக் கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பலகையிலும் எதிர்ப் பலகையிலும் அவரைப் போலவே பலர், தங்கள் வீடுகளை உறைகளில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

“நேத்து போன் பண்ணீங்களா?” என்று மார்வா கேட்டாள்.

“பண்ணினேன்.”

“என்ன பேசினீங்க?”

எமில் யோசித்தார். “இங்க பனி பெய்யுதுன்னேன். அங்கயும் பெய்யுதாம்.”

உள்ளே எல்லாம் விரைவாக முடிந்தது. கடன் நிறுவனத்தின் வக்கீல் புகைப்படங்களை நீட்டினார். நோரீன் அவற்றின் இடது ஓரத்தைப் பார்க்கும்படி நீதிபதியைக் கேட்டுக்கொண்டாள். சிவப்பு நாடா, மூன்று முறையும் சுரண்டப்பட்ட கண்ணாடி, எமில் ரூஸ்காவின் பெயரில் உள்ள வண்டி. ஸ்டாஸ் சாட்சிக் கூண்டேறி, தன் பேட்டையில் முன்வாசல் யாருக்கானது என்பதை விளக்கினான். பாதிரியார், போலீஸ் என்று தொடங்கியபோதே நீதிபதி புன்னகைத்துவிட்டார். அவர் தாயாரும் அதே பேட்டைக்காரி. நிறுவனத்தின் வக்கீல் மட்டும், முன்கதவைப் பயன்படுத்தாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நம்ப முடியாதவராக நின்றார்.

ஏலம் நிறுத்தப்பட்டது. எமிலின் மனுவை, அவர் அங்கே குடியிருக்கிறார் என்ற அடிப்படையில், நிறுவனம் முதலிலிருந்து பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நோரீன் மேசைக்கடியில் மார்வாவின் கையைப் பற்றி அழுத்தினாள். ஸ்டாஸ் எமிலின் முதுகில் தட்டப்போய், அந்த முதுகு நினைவுக்கு வந்து, தோளில் தட்டினான்.

“பதிவுக்காக ஒன்று,” என்றார் நீதிபதி, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. “இந்தப் படங்களில் விளக்கு எரிகிறதே, அந்தப் பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், மிஸ்டர் ரூஸ்கா?”

எமில் எழுந்து நின்றார். தட்டச்சுப் பெண் விசைகளின்மேல் விரல்களை வைத்துக் காத்திருந்தாள். அவர் மார்வாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“யாருமில்லீங்க,” என்றார்.

தூங்குகிறவர்களின் வீட்டு வாசலில் நின்று பேசுவதைப் போல, அதை அவர் மிக மெதுவாகச் சொன்னார். தட்டச்சுப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லும்படி நீதிபதி அவரைக் கேட்டுக்கொண்டார்.